மறுபடி ‘லோர்ட் ஒப் த ரிங்ஸ்’ வாசிக்கிறேன், இந்த முறை தோட்டக்காரன்தான் கண்ணில் படுகிறான்

மூடுபனி | ஹட்டன்

பள்ளிக்கூடக் காலத்தில் வாசித்த டொல்கீனின் ‘லோர்ட் ஒப் த ரிங்ஸ்’ நாவலை இந்த மழைக்கு மறுபடி எடுத்தேன். கெட்ட சக்தியுள்ள ஒரு மோதிரத்தை அழிக்க எதிரி நாட்டு எரிமலைக்குக் கொண்டு போகும் கதை. மூன்றாம் பாகத்தின் நடுவில் நிற்கிறேன். அன்றைக்குப் பிடித்ததெல்லாம் இன்றைக்கும் பிடிக்கிறதா என்று பார்க்கத்தான் எடுத்தது. ஆனால் அப்போது நான் ஏறெடுத்தும் பார்க்காத ஒரு ஆள்தான் இப்போது கதையைத் தூக்கிக்கொண்டு போகிறான். சாம். பங்களாத் தோட்டக்காரன்.

அப்படித்தானே சொல்ல வேண்டும்? பேக் எண்ட் என்பது ஹொபிட் என்ற சின்ன உருவ மக்களின் நாடான ஷயரில், குன்றைக் குடைந்து கட்டிய வசதியான வீடு. மோதிரத்தைச் சுமந்து போகும் ஃப்ரொடோ, உறவுக்காரர் பில்போவுக்குப் பிறகு அதன் சொந்தக்காரர், பிழைப்புக்காக வேலை செய்ய வேண்டிய அவசியம் இல்லாதவர். குன்றுக்குக் கீழே பேக்‌ஷொட் வரிசை, அதில் மூன்றாம் நம்பரில் சாமும் அவன் அப்பாவும். அப்பாவும் அதே வீட்டுக்குத் தோட்ட வேலை பார்த்தவர், மகனும் அதே வேலை. மேலே பங்களா, கீழே தொழிலாளர் வரிசை வீடான லயம். அந்த வயதில் லயத்து இஸ்தோப்பில் உட்கார்ந்து வாசித்த நான் என்னை அரகோர்னாகத்தான் நினைத்துக்கொண்டேன். நாட்டை இழந்த ராஜா, காட்டில் திரிகிறவன், உடைந்த வாளை வைத்திருப்பவன், வேறு என்ன வேண்டும்? சாம் எனக்குச் சமையல்காரன், இடையிடையே சிரிப்புக் காட்ட வருகிறவன், அவ்வளவுதான்.

இப்போது முதல் அத்தியாயத்திலேயே தவறணையில் சாமின் அப்பா பேசும் இடம் பிடித்து நிறுத்திவிட்டது. பில்போ ஐயா என் மகனுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்துவிட்டார், கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, அதனால் கெடுதல் ஒன்றும் வராமல் இருந்தால் சரி என்கிறார் மனிதர். மகனுக்குச் சொல்லும் புத்தியையும் அங்கேயே சொல்கிறார்: எல்ஃபும் டிராகனும் நமக்கெதற்கு, கோவாவும் உருளைக்கிழங்கும் போதும், பெரிய இடத்து விஷயத்தில் தலையிட்டால் உன்னால் தாங்க முடியாத வம்பில் மாட்டிக்கொள்வாய். இதை அப்படியே எங்கள் தாத்தா வாயால் கேட்டிருக்கிறேன். கோவாவும் உருளைக்கிழங்கும் உட்படத்தான், அவர் லயத்துக்குப் பின்னால் மரக்கறிப் பாத்தி போட்டிருந்தவர்.

மறுபடி வாசித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? உங்களுக்கு எது மாறியது?

ஒன்பதாம் பாலம் | தெமோதரை

அண்ணே, நான் படம் வழியாக வந்தவன், அதனால் முதல் வாசிப்பே எனக்கு மறுவாசிப்பு மாதிரி. என்ன நடக்கும் என்று தெரியும், ஆனால் நடக்கவே மாட்டேன் என்கிறது! படத்தில் மந்திரவாதி காண்டால்ஃப் மோதிரத்தைப் பற்றிச் சந்தேகப்பட்டுக் குதிரை ஏறிப் போய் சில நிமிஷத்தில் திரும்பி வருகிறார். புத்தகத்தில் பில்போவின் விருந்துக்கும் ஃப்ரொடோ கிளம்புவதற்கும் நடுவில் 17 வருஷம். ஃப்ரொடோவுக்கு அப்போது 50 வயது. 50! நான் படத்தில் பார்த்த பையன் எங்கே?

அப்புறம் அந்தப் பாட்டுகள். நடக்கும்போது பாட்டு, குளிக்கும்போது பாட்டு, செத்தால் பாட்டு. பாட்டு வந்தால் பக்கத்தைத் திருப்பிவிடுகிறேன். டொம் பொம்படில் என்று ஒருவர் வந்து பேசுவதே பாட்டாகத்தான் இருக்கிறது, அந்த அத்தியாயங்களில் ஒரு வாரம் மாட்டிக்கொண்டேன். அவரை மொத்தமாகத் தாண்டினால் குறையா?

சோக்குக்கட்டி | டிக்கோயா

தம்பி, பாட்டைத் தாண்டுகிறவர்கள் மீது எனக்குக் கோபம் இல்லை, இங்கிலிஷ் படிப்பித்த காலத்தில் நானே பிள்ளைகளுக்குத் தாண்டச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஆனால் குள்ளர்களின் பழைய சுரங்க நகரமான மொரியாவில் வரும் பாட்டை மட்டும் திரும்பிப் போய் வாசித்துப் பார். சுரங்கத்துக்குள் இருட்டில் குள்ளர் இனத்துக் கிம்லி எழுந்து நின்று பாடுகிறான். உலகம் இளமையாக இருந்த காலத்தில் இந்த மண்டபங்களில் விளக்கு எரிந்தது, சுத்தியல் அடித்தது, ராஜா உட்கார்ந்திருந்தார் என்று. அதற்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் குள்ளர் தலைவன் பாலினின் கல்லறையைக் காண்கிறார்கள். பாட்டை விட்டுவிட்டு வந்தவனுக்கு அது ஒரு கல். வாசித்துவிட்டு வந்தவனுக்கு அங்கே ஒரு ஊர் செத்துக் கிடக்கிறது.

நம்மூரில் காமன் கூத்துப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை. ரதியும் மதனும் நாள் கணக்காகப் பாடி ஆடின பிறகு மதனை எரிக்கும்போதுதான் பெண்கள் நெஞ்சில் அடித்துக்கொள்வார்கள். பாட்டு இல்லாமல் கொளுத்தினால் எரிவது வைக்கோல்.

அப்புறம் அந்தப் பறை. மொரியாவில் ஆழத்திலிருந்து ‘டூம், டூம்’ என்று வரும் சத்தம். சின்ன வயதில் எங்கள் தோட்டத்தில் விடியற்காலை இருட்டில் தப்பு அடித்துத்தான் ஆட்களைப் பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்குக்கு, எழுப்புவார்கள். போர்வைக்குள் கிடந்தபடி அந்தத் தப்புச் சத்தம் வரிசை வரிசையாகக் கிட்ட வருவதைக் கேட்டுக்கொண்டிருப்பேன், அம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருப்பார். அதனால் முதல் வாசிப்பில் மற்றப் பிள்ளைகள் பல்ரோக் என்ற நெருப்புப் பூதத்தைக் கண்டு பயந்தார்கள் என்றால், எனக்குப் பயம் அதற்கு முன்னாலேயே வந்துவிட்டது. அது மட்டும் எத்தனை தரம் வாசித்தாலும் மாறவில்லை.

கவ்வாத்துக்கத்தி | தலவாக்கலை

எல்லாரும் சந்தோஷமாக இருக்கிறீர்கள், கெடுக்க வருகிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள்.

மூடுபனி, நீங்கள் கண்டுபிடித்த அதே விஷயத்தினால்தான் நான் இந்தப் புத்தகத்தை இரண்டாம் முறை பாதியில் மூடினேன். ஊர்ச் சண்டியன் மாதிரி ராஜாக்கள் சண்டை போடுகிறார்கள், சரி, கதை. ஆனால் சாம்? எஜமானுக்கு மூட்டை தூக்குகிறான், சமைக்கிறான், எஜமான் தூங்கும்போது முழித்திருக்கிறான், தன் பங்குத் தண்ணியையும் அவருக்கே கொடுக்கிறான். உலகம் அழியும் நேரத்திலும் ‘மிஸ்டர் ஃப்ரொடோ’. ஃப்ரொடோ அவனை ‘சாம்’ என்கிறார். இப்படி ஒரு ஆள் தங்கள் பங்களாவில் இருக்க வேண்டும் என்று ஆசைப்படாத தொரை இந்த மலையில் இருந்திருக்கிறாரா? விசுவாசமான கூலி என்பது அவர்கள் கண்ட கனவு. அதை ஒரு ஒக்ஸ்ஃபோர்ட் பேராசிரியர் எழுதினால் இலக்கியம், நாம் லயத்தில் உட்கார்ந்து அதற்கு உருக வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. தெற்கிலிருந்து வருகிறவன், கறுத்தவன், யானையில் வருகிறவன், எல்லாரும் எதிரிப் படை. பதினாறு வயதில் இதைக் கவனிக்காமல் யானையைப் பார்த்துக் கைதட்டினேன். இப்போது முடியவில்லை.

உலகமுடிவு | நுவரெலியா

கவ்வாத்துக்கத்தி அண்ணனின் இரண்டாவது புகாருக்கு முழுப் பதில் என்னிடம் இல்லை, அவர் சொன்னது புத்தகத்தில் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அதே புத்தகத்தில் இதுவும் இருக்கிறது: இதிலியனில் ஃபரமிர் என்ற தளபதியின் ஆட்கள் பதுங்கியிருந்து தெற்கத்திப் படையைத் தாக்கும்போது, ஒரு வீரன் செத்து சாமின் காலடியில் வந்து விழுகிறான். முகம் தெரியவில்லை என்பதில் சாமுக்கு ஒரு நிம்மதி. இவன் பேர் என்னவாக இருக்கும், இவன் உண்மையிலேயே கெட்டவன்தானா, என்ன பொய்யைச் சொல்லி, எதைச் சொல்லிப் பயமுறுத்தி இவ்வளவு தூரம் நடக்க வைத்தார்கள், ஊரிலேயே நிம்மதியாக இருந்திருக்க விரும்பியிருப்பானோ என்று யோசிக்கிறான். அந்தப் பெரிய யுத்தத்தில் எதிரியின் பிணத்தைப் பார்த்து இந்தக் கேள்வியைக் கேட்பது தோட்டக்காரன். படத்தின் நீண்ட பதிப்பில் இந்த வரிகளை எடுத்து ஃபரமிர் வாயில் வைத்துவிட்டார்கள். தளபதி பேசினால் கம்பீரமாக இருக்கும் என்று நினைத்தார்களோ என்னவோ. எனக்கு அதுதான் படத்தின் பெரிய தப்பு.

முதல் புகாருக்கும் கொஞ்சம். டொல்கீன் 1916இல் சோம் போர்முனையில் சமிக்ஞை அதிகாரியாக இருந்தவர். பதுங்குகுழிக் காய்ச்சல் பிடித்து அந்த வருஷக் கடைசியில் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். 1918 முடியும்போது நெருங்கிய நண்பர்களில் ஒருவரைத் தவிர எல்லாரும் செத்துவிட்டார்கள் என்று முன்னுரையில் எழுதியிருக்கிறார். அங்கே தான் கண்ட சாதாரணச் சிப்பாய்களையும் அதிகாரிகளுக்கு ஏவல் செய்த வீரர்களையும் வைத்துத்தான் சாமை உருவாக்கியதாகவும், அவர்கள் தன்னை விட எவ்வளவோ மேலானவர்கள் என்றும் சொல்லியிருக்கிறார். அதிகாரிப் பார்வைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த அதிகாரி யாரை அண்ணாந்து பார்க்கிறார் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

என் முதல் வாசிப்புக் கதை வேறு. நூலகத்தில் முதல் பாகத்தை யாரோ இரவல் கொண்டு போயிருந்தார்கள், நான் இரண்டாம் பாகத்தில் தொடங்கினேன். முதல் அத்தியாயத்திலேயே பொரோமிர் உடம்பெல்லாம் அம்பு தைத்துச் செத்துப் போகிறார், எனக்கு அவர் யாரென்றே தெரியாது. காண்டால்ஃப் என்று ஒருவர் செத்துவிட்டாராம், எல்லாரும் அழுகிறார்கள், கொஞ்ச நேரத்தில் வெள்ளை உடுப்பில் வந்து நிற்கிறார், நான் ‘சரி, வாங்க’ என்று போய்விட்டேன். கடைசியில் ஃப்ரொடோ உயிரோடு எதிரி கையில் மாட்டுகிறான், புத்தகம் முடிகிறது. முதலில் வாங்கிய வாசகர்களுக்கும் இதே கதிதான்: இரண்டாம் பாகம் 1954 நவம்பரில் வந்தது, மூன்றாம் பாகம் 1955 ஒக்டோபரில். அவர் எழுதியது ஒரே நாவல், ஆறு பகுதிகள். போருக்குப் பிந்தைய காலத்தில் அச்சிடும் செலவுக்குப் பயந்து மூன்றாகப் பிரித்துப் போட்டார்கள்.

இன்னொரு சில்லறை விஷயம். எங்கள் பெரியப்பா வீடு மஸ்கெலியாவில். பருவ காலத்தில் இரவு வெளியே வந்தால் சிவனொளிபாத மலையில் படிவரிசை விளக்கு அடியிலிருந்து உச்சி வரை ஒரு கோடாக எரியும், மேலே மேகம் சிவந்திருக்கும். மோதிரத்தை அழிக்கப் போகும் டூம் மலை என்றால் எனக்கு அதுதான், சாமிக்குத்தம் என்று யாரிடமும் சொல்லவில்லை. இந்த முறை உயரம் பார்த்தேன். டூம் மலை சமவெளியிலிருந்து ஏறத்தாழ 4,500 அடிதான். நம் மலை கடல் மட்டத்திலிருந்து 7,359 அடி. நான்தான் ஃப்ரொடோவைக் கூட ஏற வைத்திருக்கிறேன்.

மூடுபனி | ஹட்டன்

கவ்வாத்துக்கத்திக்கு.

மூட்டை தூக்குவதும் மிஸ்டர் போடுவதும் உண்மை. ஆனால் நீங்கள் பாதியில் மூடியதால் ஒரு இடம் உங்களுக்கு வந்திருக்காது. நேற்று இரவுதான் அதைத் தாண்டினேன், அதனால்தான் இந்த இழையையே தொடங்கினேன்.

ஃப்ரொடோவை எதிரி பிடித்துக்கொண்டு போய்விட்டான், மோதிரம் சாமிடம் இருக்கிறது. எதிரி நாடான மொர்டோரின் எல்லையில் தனியாக நிற்கிறான். மோதிரம் ஆசை காட்டத் தொடங்குகிறது. எல்லாருக்கும் காட்டுவது மாதிரி இவனுக்கும் ஒரு பெரிய படம் காட்டுகிறது: கையில் எரியும் வாள், பின்னால் படைகள், இவன் ஒரு சொல் சொன்னால் அந்தச் சாம்பல் நாடு முழுக்கப் பூவும் மரமுமாக மாறும். தோட்டக்காரனுக்கு ஒரு தேசமே தோட்டம். அவன் என்ன செய்கிறான்? தனக்கு வேண்டியதும் தனக்கு உரியதும் ஒரு சுதந்திரமான தோட்டக்காரனின் ஒரு சின்னத் தோட்டம்தான், உழைப்பதற்குத் தன் கை போதும், ஏவுவதற்கு மற்றவன் கை வேண்டாம் என்று அவனுக்கு உள்ளுக்குள் தெரிகிறது. மோதிரத்தை உதறவில்லை, சும்மா அதைக் கேட்காமல் நடக்கிறான்.

மற்றவன் கையை ஏவ வேண்டாம் என்கிற இடத்தில் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். கங்காணி முறையிலே வளர்ந்த ஊர் இது. அதிலிருந்து மேலே வந்தவனெல்லாம் முதலில் செய்தது பத்துப் பேரை ஏவுவதுதான். அப்புறம் அந்தச் சின்னத் தோட்டம். 7 பேர்ச் காணிக்கு ஒரு உறுதிப்பத்திரம் கேட்டு நாம் எத்தனை கூட்டத்துக்குப் போயிருக்கிறோம்? காண்டால்ஃப் மோதிரத்தை வாங்கி வைத்துக்கொள்ளவே பயப்படுகிறார். எல்ஃப் தலைவி கலாட்ரியல் ஆசைப்பட்டு, பிறகு மறுக்கிறாள். இவன் கழுத்தில் மாட்டிக்கொண்டு நடந்து, பிறகு திருப்பியும் கொடுக்கிறான். பதினைந்து வயதில் இந்தப் பத்தியை நான் வாசித்திருக்கத்தான் வேண்டும், ஆனால் மூளையில் ஒட்டவில்லை. அப்போது எனக்குப் பெரிய தோட்டம்தான் வேண்டியிருந்தது.

கவ்வாத்துக்கத்தி | தலவாக்கலை

அந்த இடம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இப்படியும் கேட்டுப் பாருங்கள்: தோட்டக்காரன் வாயால் ‘எனக்குச் சின்னத் தோட்டம் போதும்’ என்று சொல்ல வைப்பது யாருக்கு வசதி? அரகோர்னுக்கு இரண்டு ராஜ்யம், அதை அவன் மறுக்க வேண்டியதில்லை, அது அவன் ரத்தத்தில் வந்தது. சாம் ஆசைப்பட்டால் மட்டும் அது மோதிரத்தின் மயக்கம். 7 பேர்ச் போதும் என்று நாம் சொல்ல வேண்டும் என்றுதானே அவர்களும் காத்திருக்கிறார்கள்?

தெற்கத்தி வீரன் விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன், உலகமுடிவு. அதை நான் மறந்திருந்தேன். படத்தில் ஃபரமிர் பேசியது என்றே மனதில் இருந்தது.

சோக்குக்கட்டி | டிக்கோயா

கத்தி நல்ல கூர்தான். ஆனால் நீங்கள் பாதியில் மூடியதால் உங்கள் கேள்விக்குப் புத்தகம் கொடுக்கும் பதிலும் உங்களுக்குக் கிடைக்கவில்லை. அது படத்திலும் இல்லை. மோதிரம் அழிந்த பிறகு ஷயருக்குத் திரும்பும் அத்தியாயம்.

நாலு பேரும் வீட்டுக்கு வருகிறார்கள், ஊர் கெட்டுக் கிடக்கிறது. எப்படிக் கெட்டது? மந்திரத்தால் இல்லை. லோதோ என்று ஒரு பணக்கார ஹொபிட், ஃப்ரொடோவின் உறவுக்காரன், ஆலை, தவறணை, வயல், புகையிலைத் தோட்டம் என்று வாங்கிக் குவித்திருக்கிறான். விளைந்த இலையை வண்டி வண்டியாகத் தெற்கே அனுப்புகிறான், விளைவித்தவனுக்குப் புகைக்க இலை கிடையாது. ‘சேகரித்துப் பங்கிடுகிறோம்’ என்று ஆட்கள் வந்து அறுவடையை எண்ணி எடுத்துப் போகிறார்கள், பங்கு திரும்பி வரவில்லை. சுவரெல்லாம் சட்டதிட்டம் எழுதி ஒட்டியிருக்கிறது. சாமின் அப்பா குடியிருந்த பேக்‌ஷொட் வரிசையைத் தோண்டி மணல் குழியாக்கிவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் சாருமான் என்ற கெட்ட மந்திரவாதி வந்து மிச்சத்தையும் கெடுக்கிறான். ஆக, தோட்டத்தைச் சேர்த்து, இலையை ஏற்றுமதி செய்து, குடியிருந்தவனை வெளியே போட்டது உள்ளூர்க்காரன்.

நான் படிப்பித்த காலத்தில் இந்த அத்தியாயம் கதை முடிந்த பிறகு ஒட்டவைத்த வால் என்றுதான் நினைத்தேன். ஓய்வு பெற்ற பிறகு வாசித்தபோது, அவ்வளவு தூரம் நடந்ததே இதற்காகத்தானோ என்று தோன்றியது. இது இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய இங்கிலாந்தைக் குறிக்கிறதா என்று கேட்டவர்களுக்கு டொல்கீன் இல்லை என்றார். தான் பிள்ளையாக வாழ்ந்த கிராமப்புறம் தனக்குப் பத்து வயதாவதற்கு முன்னாலேயே அசிங்கமாக அழிக்கப்பட்டது, அதுதான் அடி என்று இரண்டாம் பதிப்பின் முன்னுரையில் எழுதினார்.

இப்போது உங்கள் கேள்வி. ஊர்க்காரர்களே எழுந்து அடித்துத் துரத்துகிறார்கள், எந்த ராஜாவும் உதவிக்கு வரவில்லை. 19 ஹொபிட்டுகள் சாகிறார்கள். சாம் ஒவ்வொரு மூலையாகப் போய் மரம் நடுகிறான். ஃப்ரொடோ போகும்போது பேக் எண்டை அவனுக்கு எழுதி வைக்கிறார். பங்களா தோட்டக்காரனுக்கு. அவன் ஏழு முறை மேயராகத் தேர்ந்தெடுக்கப்படுகிறான். எல்லாவற்றையும் எழுதிய அந்தச் சிவப்புப் புத்தகத்தையும் கொடுத்து, நான் முடித்துவிட்டேன், கடைசிப் பக்கங்கள் உனக்கு என்கிறார். அப்பா பயந்தாரே, எழுத்துச் சொல்லிக்கொடுத்ததால் கெடுதல் வருமோ என்று. வந்தது இதுதான்.

எழுதி வைத்துக் கொடுத்ததுதானே, போராடி எடுத்ததில்லையே என்று நீங்கள் அடுத்துக் கேட்பீர்கள். கேளுங்கள், அது நியாயமான கேள்வி.

கவ்வாத்துக்கத்தி | தலவாக்கலை

கேட்கத்தான் போகிறேன். ஆனால் முதலில் அந்த அத்தியாயத்தை வாசித்துவிட்டு வருகிறேன் டீச்சர். இலை ஏற்றுமதி என்று யாராவது எனக்கு முன்னாலேயே சொல்லியிருக்கலாம்.

கூடலூரான் | நீலகிரி

நான் உங்கள் ஊர்க்காரன் என்று சொல்லலாமா தெரியவில்லை. அப்பா பிறந்தது பொகவந்தலாவைப் பக்கம். 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் பேர் இந்தியாவுக்கு விழுந்து, தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் இருந்து, பிறகு இங்கே அரசாங்கத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்த குடும்பம். மலையிலிருந்து தலைமன்னாருக்குப் போன அந்த ரயிலை ஒப்பாரிக் கோச்சி என்பார்கள், உங்களுக்குத் தெரிந்ததுதான்.

கல்லூரியில் முதல் தரம் வாசித்தபோது கடைசி அத்தியாயத்தில் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. சாம்பல் துறைமுகம், வெள்ளைக் கப்பல், எல்ஃபுகள் மேற்கே போகிறார்கள், ஃப்ரொடோவும் போகிறான். அழகாக இருந்தது, மூடி வைத்தேன். அப்பா போன பிறகு வாசித்தபோது எரிச்சல் வந்தது, உண்மையைச் சொல்கிறேன். புத்தகத்தில் கப்பலேறிப் போகிறவர்களுக்குக் காயம் ஆறுகிறது, விடியற்காலையில் பச்சை நாடு தெரிகிறது. கரையில் நின்று பார்க்கிறவர்களுக்குத்தான் துக்கம். எங்கள் வீட்டில் கப்பலேறியவர்கள் கடைசி வரை திரும்பிப் பார்த்துக்கொண்டேதான் இருந்தார்கள். பாட்டி நீலகிரியில் உட்கார்ந்துகொண்டு, இந்த மலையில் பனி சரியாக இறங்குவதில்லை என்பார்.

எனக்குப் பொருந்திய இடம் அதற்கு முன்னால் இருக்கிறது. வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஃப்ரொடோ சொல்வான், உண்மையில் திரும்பிப் போவது என்று ஒன்று இல்லை, ஷயருக்குப் போனாலும் அது அதே ஊராகத் தெரியாது, ஏனென்றால் நான் அதே ஆள் இல்லை என்று. போன வருஷம் அப்பாவின் தோட்டத்தைப் பார்க்க வந்தேன். பழைய லயம் இருந்த இடத்தில் தனி வீடுகள். ஒரு வீட்டு அம்மா உட்கார வைத்துத் தேத்தண்ணியும் ரொட்டியும் சம்பலும் கொடுத்தார், யார் மகன் என்று கேட்டார், அப்பா பேரைச் சொன்னேன், தெரியாது என்றார். நன்றாகத்தான் இருந்தது. வருத்தப்படக் கூட ஒன்றும் மிச்சம் இல்லை.

மூடுபனி | ஹட்டன்

கூடலூரான், நீங்கள் ஊர்க்காரர்தான், அதில் என்ன சந்தேகம். அடுத்த முறை வந்தால் ஹட்டனில் இறங்குங்கள்.

பிள்ளைக்காம்பரா | கொட்டகலை

இரண்டு நாளாக இதை வாசித்துக்கொண்டிருக்கிறேன், எனக்கு ஒரு நடைமுறைக் கேள்வி. மகளுக்கு 11 வயது, இங்கிலிஷ் ஓரளவு வாசிப்பாள். ‘தி ஹொபிட்’டில் தொடங்கலாமா, நேரே பெரியதற்குப் போகலாமா?

நான் பள்ளிக்கூடத்தில் வாசித்தபோது எயோவின் ஒருத்திக்காகவே வாசித்தேன். ஆண் உடுப்புப் போட்டுக்கொண்டு போருக்குப் போய் சூனியக்கார ராஜாவைக் கொல்கிறாளே, அந்த இடத்தைத் தோழிகளுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டியிருக்கிறேன். இப்போது அந்தச் சண்டையை விட, அதற்கு முன்னால் அரகோர்னிடம் அவள் பேசுவதுதான் நிற்கிறது. எதற்குப் பயம் என்று கேட்டால் கூண்டுக்கு என்கிறாள். கம்பிக்குப் பின்னால் இருந்து இருந்து, பழகிப்போய், வயதாகி, ஆசையே போய்விடுமோ என்று. காலையில் தோட்டத்துக் குழந்தைக் காப்பகத்தில் பிள்ளைகளை என்னிடம் விட்டுவிட்டுக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலைக்கு ஓடும் பெண்களைத் தினமும் பார்க்கிறேன். வேறு பெண்கள் அந்தப் புத்தகத்தில் அதிகம் இல்லை என்பதும் இப்போதுதான் உறுத்துகிறது. கத்தி அண்ணன் அதைச் சொல்லவில்லை, நான் சொல்லிவிட்டேன்.

‘ஹொபிட்’ முதல் அத்தியாயத்தை வாசித்துக் காட்டியபோது மகள் கேட்டாள்: எல்லாரும் தேத்தண்ணி குடிக்கிறார்களே, தேயிலை எந்த ஊரில் விளைகிறது? பதில் தெரியவில்லை.

உலகமுடிவு | நுவரெலியா

அக்கா, மகளுக்கு என் வணக்கம். புத்தகத்துக்குள் அதற்குப் பதிலே இல்லை. பில்போ காண்டால்ஃபைத் தேத்தண்ணிக்கு அழைத்ததில்தான் கதையே தொடங்குகிறது, 13 குள்ளர்களும் வந்து அலுமாரியைக் காலி பண்ணுகிறார்கள், கொழுந்து பறித்தது யார் என்று ஒரு வரி கிடையாது. புத்தகத்துக்கு வெளியே பதில் இருக்கிறது. டொல்கீன் பிறந்தது 1892. அவர் பிள்ளையாக இங்கிலாந்தில் வளர்ந்த காலத்தில் அங்கே மேசைக்கு வந்த தேத்தண்ணியில் நம்மூர்க் கொழுந்தும் இருந்தது. லூல்கந்துரத் தோட்டத்தில் தேயிலை 1867இல் தொடங்கியது, 1890இல் தேயிலை வியாபாரி லிப்டன் இங்கே வந்து தோட்டங்களை வாங்கிவிட்டார். ஆக, ஷயருக்குத் தேயிலை கொட்டகலையிலிருந்து போனது என்று மகளிடம் சொல்லுங்கள், நான் பொறுப்பு.

‘ஹொபிட்’டில்தான் தொடங்க வேண்டும். அது பிள்ளைகளுக்கு எழுதியது, 1937இல் வந்தது. கையெழுத்துப் பிரதியைப் பதிப்பாளர் தன் 10 வயது மகனிடம் கொடுத்து, ஒரு ஷில்லிங் கூலி கொடுத்து அபிப்பிராயம் எழுதி வாங்கினார். பையன் நல்லது என்றான், அச்சானது. உங்கள் மகளுக்கு அவனை விட ஒரு வயது கூட.

சோக்குக்கட்டி | டிக்கோயா

ஹொபிட்டை அவளாக வாசிக்க விடாதீர்கள், நீங்களே வாசித்துக் காட்டுங்கள், குறைந்தது கோல்லம் விடுகதை போடும் அத்தியாயம் வரை. அதற்குப் பிறகு அவள் உங்கள் கையிலிருந்து பிடுங்கிக்கொள்வாள். பெரிய புத்தகத்துக்கு இரண்டு மூன்று வருஷம் பொறுக்கலாம்.

ஒன்பதாம் பாலம் | தெமோதரை

எல்லாருக்கும் பதில் கிடைத்தது. டொம் பொம்படிலைத் தாண்டலாமா என்று நான் கேட்டது மட்டும் அப்படியே கிடக்கிறது. மொரியாப் பாட்டை வாசித்துவிட்டேன் டீச்சர், நீங்கள் சொன்னது சரி. இதற்கும் சொல்லுங்கள்.

சோக்குக்கட்டி | டிக்கோயா

அவர் பாட்டைத் தாண்டு, நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். அவர் வரும் அத்தியாயங்களைத் தாண்டாதே. அவர் வீட்டிலிருந்து கிளம்பியதும் நாலு பேரும் பழைய கல்லறை மேடுகளில் மாட்டிக்கொள்கிறார்கள், அவர் வந்து மீட்டு, அந்தக் கல்லறைக்குள் கிடந்த பழைய குத்துவாள்களை எடுத்து ஆளுக்கொன்று கொடுக்கிறார். பிள்ளைக்காம்பரா சொன்ன எயோவின் சண்டையில், அவள் வெட்டுவதற்கு முன்னால் சூனியக்கார ராஜாவின் முழங்காலுக்குப் பின்னால் ஹொபிட் மெரி குத்துகிறானே, அது அந்த வாள்தான். அந்த ராஜாவோடு போர் செய்த மக்கள் பல நூற்றாண்டுக்கு முன்னால் அவனுக்கென்றே அடித்து வைத்தது. வேறு எந்த வாளாலும் அவனுக்கு அப்படிக் காயம் பட்டிருக்காது என்று புத்தகம் சொல்கிறது. படத்தில் அரகோர்ன் ஒரு துணிப் பொட்டலத்தைத் திறந்து வாளைக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறான், அதனால் இந்தக் கணக்கெல்லாம் காணாமல் போய்விட்டது. ஏழாம் அத்தியாயத்திலிருந்து திரும்ப எடு.